ஒரு குழி தள்ளி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

கப்பல் கம்பெனி ஆபீசில் சொல்லி அனுப்பிய செய்தி உனக்குக் கிடைத்ததா தெரியவில்லை. கிடைக்கவில்லை என்றால் இதை உட்கார்ந்து படி. அப்பா போய்விட்டார். போன புதன்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணி. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பிரசங்கம் நீளமாப் போச்சு, அதான்" என்றார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் இழுக்கவில்லை. அந்த மட்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உனக்காகக் காத்திருக்க வழியில்லை. நீ அடுத்த துறைமுகம் சேரவே பதினெட்டு நாள் ஆகும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இரண்டு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். அப்பாவைப் புதைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் மின்மயானத்தில் எரித்துவிட்டோம். அது அவருடைய ஆசை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். போதகர் வந்து ஜெபம் செய்தார். பாட்டுப் பாட ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்கள் கோயில் வாசலோடு நின்றுவிட்டார்கள். நாற்பது வருஷம் இந்தச் சபைக்குக் குழி வெட்டிய மனுஷனுக்கு ஒரு குழி இல்லையா என்று என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள்.

நீ மனதைத் தேற்றிக்கொள். இன்ஜின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

செய்தியும் கடிதமும் ஒரே நாளில் கையில் கிடைத்தன. அழுதேன். பாய்லர் பக்கம் போய் அழுதேன், அங்கேதான் சத்தம் கேட்காது. அழுது முடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி படித்தேன். இப்போது சில விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பதில் எழுது.

அம்மா குழி அப்பாவுக்காகத்தான் இருபத்துநாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. பதினாலு வருஷம் ஆனால் குடும்பக் குழியைத் திறந்து புருஷனையோ பெண்டாட்டியையோ மேலே வைக்கலாம் என்பது நம் சபை வழக்கம். அப்பாவே எத்தனை பேருக்கு அப்படித் திறந்திருக்கிறார். கல்லில் அம்மா பெயருக்குக் கீழே தனக்கென்று இடம் விட்டுத்தானே செதுக்கச் சொன்னார்? அந்த மனுஷனா எரிக்கச் சொன்னார்?

ஆண்டவரையே துணியில் சுற்றிக் கல்லறையில்தான் வைத்தார்கள். எக்காளம் ஊதும்போது மண்ணிலிருந்துதான் எழுந்து வருவோம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உடம்பு விதை மாதிரி என்றுதானே ஒவ்வொரு அடக்கத்திலும் வாசிக்கிறோம்? வறுத்த விதையைப் போட்டால் முளைக்குமா அக்கா?

அதை விடு. நீ எழுதியதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. செவ்வாய் காலையிலேயே குழாய் வைத்தாயிற்று என்கிறாய். செவ்வாய் சாயந்திரம் சொன்னார் என்கிறாய். வாயில் குழாயோடு அப்பா எப்படிப் பேசினார்?

சாம்பல் எங்கே இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

தம்பி

ஏப்ரல் 10

அன்புள்ள வக்கீலுக்கு,

அம்மா உன்னை வக்கீல் என்று கூப்பிட்டது சும்மா இல்லை. அப்பா செத்து ஒரு மாதம்கூட முழுசாக ஆவதற்குள் நீ என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். "எப்படி இருக்கே அக்கா" என்று ஒரு வரி உண்டா? இல்லை. தேடிப் பார்த்தேன்.

நான் நாள் மாற்றி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை என்று வைத்துக்கொள். அப்போது எனக்கு நாளும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை.

நீ கேட்டதைப் போதகரிடமும் கேட்டேன். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. அவர் சொன்னது இது: "சபை தடுக்கலம்மா. பழக்கம்தான் தடுக்குது. மண்ணுல வெச்சாலும் கடைசியில தூள்தான், கொஞ்சம் மெதுவா ஆகுது. விசுவாசத்துக்காக உயிரோட கொளுத்தப்பட்டவங்க எத்தனை பேரு, அவங்களையெல்லாம் விட்டுட்டா ஆண்டவர் எழுப்பப் போறாரு?" வேதத்திலேயே ஒரு ராஜாவின் உடம்பை எரித்து எலும்பைப் புதைத்திருக்கிறார்கள் என்றும் எடுத்துக் காட்டினார். ஆனால் அதே போதகர் கிளம்பும்போது, "இருந்தாலும் புதைச்சிருக்கலாம்" என்றார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீயே மூன்று வருஷம் முன்னால் எழுதியிருந்தாயே, உங்கள் கப்பல் சமையல்காரரைக் கித்தானில் தைத்துக் கடலில் இறக்கினீர்கள் என்று. "மீன் தின்னாலும் ஆண்டவருக்குத் தெரியும்" என்று எழுதினது யார்? அவருக்கு ஒரு வேதம், நம் அப்பாவுக்கு ஒரு வேதமா?

உனக்குத் தாள்தானே வேண்டும்? இதோடு வைத்திருக்கிறேன். அப்பா எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். "என்னை எரித்துவிடுங்கள். அவள் குழியைத் திறக்க வேண்டாம்." கீழே கையெழுத்து இருக்கிறது.

சாம்பல் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்காததால் நானே சொல்கிறேன். மருந்துக்கடையில் நின்று நின்று கால் வீங்குகிறது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் இரண்டு தம்ளர் எடுத்து வைக்கிறேன், அப்புறம் ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

உன் அக்கா

மே 1

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? கால் வீக்கத்துக்கு உன் கடையிலேயே மருந்து இருக்குமே. சரி, கேட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சீட்டு அப்பா எழுதினது இல்லை.

அப்பா என்றைக்குப் பேனா தொட்டார்? காதில் செருகிய பென்சில்தான் அவருக்கு எல்லாம். எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் பென்சிலில்தான் இருக்கின்றன, பெட்டியில் வைத்திருக்கிறேன். உன் சீட்டு நீல மையில் இருக்கிறது. தாளைத் திருப்பினால் கட்டம் போட்டிருக்கிறது. உன் கடையில் மாத்திரைக் கணக்கு எழுதுகிற தாள், மேலே கடைப் பெயரைக் கிழித்திருக்கிறாய். இருபது வருஷமாக அந்தத் தாளில்தானே எனக்கு எழுதுகிறாய்? சீட்டோடு வந்த உன் கடிதமே அதில்தான் இருக்கிறது.

சபைச் செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். எல்லாம் சொல்லிவிட்டார். புதன்கிழமை சாயந்திரமே குழி வெட்டுகிற புது ஆள் மண்வெட்டியோடு வந்துவிட்டானாம். நீ ஓடிப் போய் அம்மா கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாயாம். "என்னையும் சேத்துத்தான் வெட்டணும்" என்றாயாம். எழுந்திருக்கவே இல்லையாம், போதகர் வந்து கைகொடுத்து எழுப்புகிற வரைக்கும்.

ஒரு மகள் எதற்காக அப்படி உட்காருவாள்? நான் இன்ஜின் அறையில் வாட்ச் வேலை முடிந்து படுத்தால் இதுதான் ஓடுகிறது. சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்த மனுஷன் புதன்கிழமை இல்லை. மருந்து எல்லாம் உன் கையால்தான் போனது. புதைத்திருந்தால் ஒரு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். எரித்துவிட்டால் யார் எதைப் பார்க்க முடியும்?

எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

தம்பி

மே 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். இனிமேல் உன் கடிதத்தைக் கடையில் பிரிக்க மாட்டேன்.

அப்பாவுக்கு ஆறு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுத்த கை இது. காலையில் ஒன்று, இரவில் ஒன்றரை. அந்த அரையை நகத்தால் உடைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் இருக்கிறது. நீ வரும்போது வாசற்படியிலேயே வைத்துத் தருகிறேன், உள்ளே வந்து தேட வேண்டாம்.

வேறு எதுவும் எழுத மனசில்லை.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக் காகிதத்தை நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை உடைக்கிற கை எனக்குத் தெரியும். மன்னித்துவிடு.

ஆனால் சீட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்ததைப் பற்றியும் சொல்லவில்லை. சாம்பல் எங்கே என்பதற்கும் பதில் இல்லை. நீ கோபப்பட்டு எழுதினாய், சரி, கோபத்துக்குள் மூன்று கேள்வியையும் மூடிவிட்டாய்.

ஜூலை கடைசியில் எனக்கு லீவு. போதகருக்கும் செயலாளருக்கும் எழுதிவிட்டேன். வந்ததும் அம்மா குழியைத் திறந்து அப்பா சாம்பலை அதில் வைத்து, கல்லில் அவர் பெயரைப் போட வேண்டும். எரித்தது எரித்ததாகவே இருக்கட்டும், ஒரு இடமாவது வேண்டாமா? போய் நின்று "இங்கேதான் எங்க அப்பா" என்று சொல்ல எனக்கு ஒரு இடம் வேண்டும். உனக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

கஷ்டம் இருந்தால் இப்போதே சொல். அம்மா குழியில் என்ன இருக்கிறது?

தம்பி

ஜூன் 19

தம்பி,

நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதே.

அந்தச் சீட்டை நான்தான் எழுதினேன். அப்பா செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை, திங்கட்கிழமையும் சொல்லவில்லை. மூன்று வருஷம் முன்னால், முதுகு முடியாமல் மண்வெட்டியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தாரே, அன்றைக்குச் சொன்னார். மத்தியானம், சமையலறையில், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

பதினாறு வருஷம் முன்னால் பெருமழையில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் விழுந்ததே, நினைவிருக்கிறதா? முதல் வரிசைக் கல் பதினொன்றையும் அப்பா பெயர்த்து ஓரமாக அடுக்கினார். ரோட்டை அகலப்படுத்திவிட்டு, புதுச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அப்பாவுக்கு வரைபடம் எல்லாம் கிடையாது, அடி வைத்து எண்ணுவதுதான் கணக்கு. சுவரிலிருந்து ஏழு அடி வைத்தால் முதல் குழி, அப்புறம் மூணு மூணு அடி. அந்த எண்ணத்திலேயே நடந்து பதினொரு கல்லையும் நட்டுவிட்டார். சுவர் ஒரு குழி அகலத்துக்கு உள்ளே வந்திருந்ததை யோசிக்கவில்லை. பதினொரு கல்லும் ஒரு குழி தள்ளி நிற்கிறது தம்பி.

பத்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கே தெரியவில்லை. ஆறு வருஷம் முன்னால், முதல் வரிசையில் அம்மாவுக்குச் சுவர்ப் பக்கம் கல் இருக்கிறதே, அந்த டெய்லரின் மனைவி இறந்தார்கள். டெய்லர் கல்லைப் பார்த்து அப்பா காலையில் குழியைத் திறந்தார். உள்ளே டெய்லர் இல்லை. அம்மா பெட்டிக்குக் கைப்பிடி கிடைக்காமல், நம் சமையலறை அலமாரியின் இரண்டு பிடியைக் கழற்றிப் போட்டாரே? இன்றைக்கும் அந்த அலமாரியை நான் கத்தியால் நெம்பித்தான் திறக்கிறேன். அந்த இரண்டு பிடியும் அங்கே கிடந்தன.

சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம். சொன்னால் பதினொரு குடும்பமும் தோண்டச் சொல்வார்கள். அப்பா பயந்துவிட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை, பயந்துதான் போனார். அம்மாவை ஒரு ஓரமாக ஒதுக்கி மண்ணைப் போட்டு மூடி, நாலு மணிக்கு டெய்லர் மனைவியை அவள் மேலேயே இறக்கினார். அடக்கம் முடிந்து எல்லோரும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

அம்மா கல்லுக்குக் கீழே இருப்பது மறுபக்கத்துக் குழி பஸ் கண்டக்டர். "என்னைக் கொண்டுபோய் அங்க வெச்சிராதம்மா. அந்த ஆளு அங்கேயும் உள்ள போ, உள்ள போன்னு தள்ளுவான்" என்று அழுகைக்கு நடுவில் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "இன்னொருத்தர் குழியில ஒரு பொம்பளைய வெச்சவன் நான். எனக்குக் குழி கேக்க மூஞ்சி இல்ல. எரிச்சிரு. ஆண்டவருக்குக் கல்லும் வேணாம், நம்பரும் வேணாம்." புது ஆள் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. எது பெரியது, பயமா பக்தியா என்று என்னைக் கேட்காதே. இரண்டும் ஒரே மனுஷனுக்குள்தான் இருந்தன.

"தம்பிகிட்ட சொல்லாத, அவன் நியாயம் பேசுவான்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அதை உடைத்துவிட்டேன், உன் தொல்லை தாங்காமல்.

தயவுசெய்து குழியைத் திறக்காதே. அப்பா பெயர் அங்கே கோயிலில் இன்னும் மரியாதையாக இருக்கிறது. சாம்பலைப் பற்றி மட்டும் கேட்காதே, அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

அக்கா

ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

மூன்று நாளாகக் கதவைத் தட்டுகிறேன், நீ திறக்கவில்லை. உள்ளே இருக்கிறாய் என்று தெரியும், குழாய்ச் சத்தம் கேட்கிறது. இதைக் கதவுக்கு அடியில் போடுகிறேன். நம் வீட்டுக் கதவுக்கு அடியிலேயே கடிதம் போட வேண்டியதாகிவிட்டது.

உன் ஜூன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அலமாரிப் பிடி வரைக்கும் நம்பினேன். அழுதேன்கூட. கடைசியில், சாம்பலைப் பற்றிக் கேட்காதே என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி மற்ற எல்லா வரியையும் தின்றுவிட்டது. நாளை மாற்றினவள், சீட்டு எழுதினவள், மூன்றாவதாக ஒரு கதையும் எழுத மாட்டாளா என்று தோன்றியது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், அம்மா இருந்தால் நீ பொய், இல்லாவிட்டால் நான் முட்டாள், இவ்வளவுதானே என்று நினைத்தேன். யாருக்கும் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் புது ஆள் திறந்தான். போதகரும் நானும் மட்டும்தான். பக்கத்துக் கல்லுக்குப் பூ வைக்க ஒருவர் வந்தார், சும்மா எட்டிப் பார்த்தார். புது ஆள் மண்ணிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தது ஒரு விசில். அந்த மனுஷர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்கப்பா விசிலுங்க. நான்தான் சட்டைப் பையில வெச்சேன்" என்றார். கண்டக்டரின் மகன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. தான் பூ வைத்திருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இங்க யாரு?" என்று கேட்டார். போதகர் என்னைப் பார்த்தார். நான் உன் கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா பெயரைச் சொல்லி என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். பதினொரு குடும்பமும் திறக்கச் சொல்கிறார்கள்.

நீ சொன்னது எல்லாம் உண்மை. நான் உன்னை நம்பியிருந்தால் போதும், அந்த விசில் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். தப்பு என்னுடையதுதான்.

ஒன்றே ஒன்று. அம்மா எங்கே இருக்கிறாள் என்று இப்போது தெரியும். டெய்லர் மனைவியை மேலே எடுத்ததும் அம்மா கிடைப்பாள். அப்பா சாம்பலைக் கொடு. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிடலாம். கதவைத் திற அக்கா.

தம்பி

ஆகஸ்ட் 6

தம்பி,

சாம்பல் என்னிடம் இல்லை.

எரித்த மறுநாள் சாயந்திரம், பூந்தொட்டிக்கு மண் கிளறுகிற சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். டெய்லர் கல்லின் தலைமாட்டில் முழங்கை ஆழம் தோண்டினேன். அவரைக் கொட்டி, மண்ணை மூடி, மேலே பூ வைத்துவிட்டு வந்தேன். டெய்லருக்குப் பூ வைக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அப்பா எரிக்கச் சொன்னதற்குக் கடைசிக் காரணம் அதுதான். பெட்டி என்றால் போதகர் வேண்டும், செயலாளர் வேண்டும், குழி வெட்ட ஆள் வேண்டும். சாம்பல் என்றால் நான் ஒருத்தி போதும். "சத்தமில்லாம உங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுரு" என்றார். ஐந்து மாதமாக அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். நீ சேர்த்து வைக்க எதுவும் பாக்கி இல்லை.

இதை ஜூனிலேயே எழுதியிருந்தால் நீ திறந்திருக்க மாட்டாய். எனக்கும் தெரிகிறது. நீ அதையும் போய்ச் செயலாளரிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். நீ என்னை நம்பாத அளவுக்கு நானும் உன்னை நம்பவில்லை.

போதகர் வந்து போனார். வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிறார்களாம். முதலில் திறப்பது டெய்லர் கல்லைத்தான். மண்வெட்டி முதலில் படுவது முழங்கை ஆழத்து மண்ணில். அப்பாவைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்காதே, இதையாவது எனக்காகச் செய்.

நான் ஒரு பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் வெட்டிப் போடுகிற மண்ணை எல்லாம் அதில் வாங்கிக்கொள்வேன். அதில் எது அப்பா, எது மண் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. எல்லாவற்றையும் அப்பா என்றே வைத்துக்கொள்வேன். அம்மாவை எடுத்து வைக்கிற இடத்தில் அவ்வளவையும் கொட்டச் சொல்வேன்.

உன் மேல் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெட்ஷீட்டை ஒரு ஆள் பிடித்தால் நிற்காது, ஈர மண் கனக்கும். ஏழு மணிக்கு வந்து இன்னொரு பக்கத்தைப் பிடி. என்னோடு பேசாதே.

அக்கா